சுகர் உள்ளவர் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது எப்படி

மதுரையில் ஒரு சுகர் கிளினிக்கில் காலைப் பரிசோதிக்கும் அறைதான் என் இடம். உள்ளே வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள்: "சிஸ்டர், கால் டெஸ்ட் போன வருஷமே எடுத்தாச்சு, நார்மல்." ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அது பயோதீசியோமீட்டர் ரிப்போர்ட்டாக இருக்கும். பாதத்தில் ஆறு இடத்தில் ஒரு அதிரும் முனையை வைத்து, "அதிருதா, தெரியுதா" என்று கேட்டு, வோல்ட் கணக்கில் எழுதித் தருவார்களே, அதுதான். மருத்துவ முகாம்களில் இலவசமாக எடுப்பதும் பெரும்பாலும் அதையே.

அது நரம்பைப் பார்க்கும் சோதனை. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் நரம்புக்கானதுதான். இரண்டும் அவசியம், குறை சொல்லவில்லை. ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்திருக்கிறதா என்பதை அவை சொல்லாது. உணர்ச்சி சரியாக இருந்தும் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து கெட்டவர்களும் உண்டு. அவர்கள் கால்தான் சீக்கிரம் ஆபத்துக்குப் போகிறது. எனவே ரிப்போர்ட் கையில் இருந்தால் முதலில் பாருங்கள்: வோல்ட் என்று இருக்கிறதா, அல்லது கை பிபி, கணுக்கால் பிபி என்று இருக்கிறதா? இரண்டாவது இல்லையென்றால் ரத்த ஓட்டத்தை இன்னும் யாரும் அளக்கவில்லை.

வலியை நம்பி உட்காரக் கூடாது

சுகர் இல்லாத ஒருவருக்குக் கால் தமனி அடைத்தால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் பிடிக்கும். சுகர் உள்ளவருக்கு இந்த எச்சரிக்கை வராமலே போகலாம். நரம்பு மரத்திருந்தால் வலி மேலே போய்ச் சேராது. அதோடு, சுகரில் அடைப்பு அதிகம் வருவது முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில். இன்னொன்று, மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று பலர் நடப்பதையே குறைத்துக்கொண்டிருப்பார்கள். நடந்தால்தானே வலிக்கும்?

அதனால் "நடந்தா வலிக்குதா" என்று கேட்டால் பயனில்லை. எங்கள் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் "வலிக்குது" என்றுதான் பதில் வரும், கை முழங்காலுக்குப் போகும். நான் கேட்பது வேறு மாதிரி. "திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் போவீங்களா? முன்னெல்லாம் நிக்காமப் போனீங்களா? இப்போ எங்க நிக்கிறீங்க?" என்பேன். நின்ற இடத்தைச் சொல்லும்போதே ஏன் நின்றார் என்பதும் வந்துவிடும். "கெண்டை பிடிக்குது, ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடும்" என்றால் எனக்குக் காது நிமிரும். "உட்கார்ந்து குனிஞ்சாத்தான் விடுது, சும்மா நின்னா விடல" என்றால் முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துவதாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் அடியிலேயே வலித்துப் போகப் போகக் குறைந்தால் மூட்டு. வீட்டில் அப்பா அம்மாவைக் கேட்பவர்கள் இந்த மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் விடவே கூடாது: ராத்திரி எப்படித் தூங்குகிறார்? படுத்தால் பாதத்திலும் விரலிலும் எரிச்சலோ குடைச்சலோ வந்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் சுகமாக இருக்கிறது என்றால், ரத்தம் படுத்த நிலையில் பாதம் வரை வந்துசேரவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிற பெரியவர்களைக் குடும்பத்தார் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலை அந்த வாரமே காட்டுங்கள்.

செருப்பைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி

இரண்டு காலையும் முழங்கால் வரை திறந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். முன்பு முடி இருந்த கணுக்காலில் இப்போது முடியே இல்லாமல் தோல் மெலிந்து பளபளப்பாக இருப்பது, நகம் தடித்து வளராமல் நிற்பது, ஒரு பாதம் மட்டும் வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். விரல் இடுக்கையும் குதிகாலின் பின்புறத்தையும் மறக்க வேண்டாம். சின்னப் புண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படுக்கவைத்து இரண்டு காலையும் ஒன்றிரண்டு நிமிடம் உயர்த்திப் பிடித்தால், ரத்தம் குறைந்த பாதம் வெளிறும். பிறகு தொங்கப்போட்டால் மெதுவாக, மற்றக் காலைவிட அதிகமாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து "ரத்தம் நல்லா ஓடுது" என்று சந்தோஷப்பட வேண்டாம். அது நல்ல அறிகுறி கிடையாது.

புறங்கையால் தொட்டு, எந்தக் கால் குளிர்ச்சி என்றும் பாருங்கள். ஆனால் இதை முழுக்க நம்ப முடியாது. சுகரில் உடம்பின் தானியங்கி நரம்புகள் கெட்டிருந்தால், ரத்தம் தோலுக்கு அருகில் உள்ள குறுக்குவழிகளில் ஓடி ரத்தக்குழாய்கள் புடைத்து, பாதம் கதகதப்பாகவே இருக்கும். உள்ளே சதைக்கு ரத்தம் போதாது. குளிர்ந்த கால் சந்தேகத்தை உண்டாக்க வேண்டும். சூடான காலோ சந்தேகத்தைப் போக்கிவிடாது.

நாடி பிடிப்பது

காலில் இரண்டு இடத்தில் நாடி தொட்டுப் பார்க்கிறோம். ஒன்று பாதத்தின் மேல்பக்கம். கால் கட்டைவிரலை மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள். ஒரு தசைநாண் கயிறாக எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், அதாவது சுண்டுவிரல் இருக்கும் பக்கமாக, பாதத்தின் நடுவில் விரலை வையுங்கள். விரலை நிமிர்த்தியது இடம் கண்டுபிடிக்கத்தான். பார்க்கும்போது அவர் காலைத் தளர்த்திவிட வேண்டும். இரண்டாவது, உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், அந்த எலும்புக்கும் குதிகால் நாணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்.

மூன்று விரல் நுனிகளையும் சேர்த்து, மெதுவாக. புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் அழுத்திவிடுகிறார்கள். பாதத்தின் மேலே உள்ள நாடி லேசான அழுத்தத்திலேயே நின்றுவிடும். கட்டைவிரலால் தொட வேண்டாம், உங்கள் நாடியே உங்களுக்குத் துடிக்கும். துடிப்பது அவருடையதுதானா என்ற சந்தேகம் வந்தால் மற்றக் கையால் அவர் மணிக்கட்டு நாடியைப் பிடியுங்கள்; இரண்டும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவசரப்படாதீர்கள். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி காத்திருங்கள். பாதம் வீங்கியிருந்தால் முதலில் விரலால் சற்று நேரம் அழுத்தி நீரை விலக்கிவிட்டு அப்புறம் தேடலாம்.

பாதத்தின் மேலுள்ள நாடி சிலருக்குப் பிறவியிலேயே தொட்டால் தெரியாது. அதனால் ஒரு நாடி கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டில் அழுகை வேண்டாம். கணுக்காலுக்குப் பின்னால் உள்ளதும் கிடைக்கவில்லை, அல்லது ஒரு காலில் இருப்பது மற்றதில் இல்லை என்றால் அளந்து பார்க்கத்தான் வேண்டும். இன்னொரு பக்கமும் உண்டு: நாடி தொட்டால் தெரிகிறது என்பதாலேயே அடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. புண் இருக்கும் காலில் நாடி தெரிந்தாலும் நாங்கள் அளக்காமல் அனுப்புவதில்லை.

கணுக்கால் பிபி, கை பிபி

கணுக்காலில் மேல் அளவு பிபி எவ்வளவு, கையில் எவ்வளவு என்று எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுப்பதுதான் ஏ.பி.ஐ. எனப்படும் அளவு. 1950-இல் வின்சர் என்பவர் முதலில் விவரித்த இந்தச் சோதனை இன்றும் அடிப்படை மாறாமல் நிற்கிறது. ஊசி இல்லை, வெறும் வயிறு தேவையில்லை. வருகிறவர் செய்ய வேண்டியதெல்லாம், சோதனைக்கு முன் பீடி சிகரெட் பிடிக்காமல் இருப்பதும், முழங்கால் வரை ஏற்றிவிடக் கூடிய உடை உடுத்தி வருவதும்தான். புடவை, வேட்டி வசதி. இறுக்கமான பேன்ட், லெக்கின்ஸ் தொல்லை.

மல்லாக்கப் படுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பலரும் ஏமாற்றும் இடம் இதுதான். மாடி ஏறி வந்தவரைப் படுத்த மறு நிமிடமே அளந்தால் எண் பொய் சொல்லும். ஏசி காற்று நேராகக் காலில் அடிக்காமல் போர்த்திவிடுகிறேன். குளிரில் குழாய் சுருங்கும்.

பிபி பட்டையைக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றுவோம். நாடி இருக்கும் இடத்தில் ஜெல் வைத்து, ரத்தம் ஓடுவதை ஒலியாகக் கேட்கவைக்கும், பேனா போன்ற டாப்ளர் முனையைச் சாய்வாகப் பிடிப்போம். இங்கேயும் அழுத்தக் கூடாது. ஒலி தெளிவாகக் கேட்டதும் பட்டையில் காற்று ஏற்றுவோம். ஒலி நின்ற பிறகு இன்னும் 20 புள்ளி ஏற்றி, மிக மெதுவாக இறக்குவோம், விநாடிக்கு இரண்டு புள்ளி கணக்கில். ஒலி திரும்பி வரும் முதல் கணத்தில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. ஒவ்வொரு காலிலும் இரண்டு நாடி, இரண்டு கை. ஆக ஆறு அளவுகள். ஒரு கையை மட்டும் எடுத்துவிட்டுப் போகிற இடங்கள் உண்டு. ஒரு கையின் தமனியே அடைத்திருந்தால் அந்தக் கையில் பிபி குறைவாகக் காட்டும். அதால் வகுத்தால் கால் நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கை, மார்பக அறுவை செய்த பக்கத்துக் கை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் பட்டை கட்டக் கூடாது. காலில் ரத்தம் உறைந்த கட்டி இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும்.

அளப்பதைவிட எனக்குப் பிடித்தது கேட்பது. நல்ல தமனியின் ஒலிக்கு மூன்று பாகம்: சட்டென்று ஏறும் ஒரு வீச்சு, உடனே ஒரு கணம் பின்வாங்கல், பிறகு மெல்லிய ஒரு முன்னோட்டம். விறுவிறுவென்று இருக்கும். மேலே அடைப்பு இருந்தால் பின்வாங்கும் பாகம் மறைந்து, "ஊஷ்... ஊஷ்..." என்று ஒரே மொத்தையாக, சோம்பலாக வரும். படுத்திருப்பவருக்கே வித்தியாசம் புரியும். வலது காலையும் இடது காலையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தால், "இது வேற மாதிரி இருக்கே சிஸ்டர்" என்பார்கள். எந்திரம் எண்ணை மட்டும் தந்தால், அலை வடிவத்தையும் ரிப்போர்ட்டில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு இப்படி. வலது கை 142, இடது கை 148 என்று வைப்போம். பெரியதை எடுக்கிறோம்: 148. வலது காலில் 128, 122. அதில் பெரியது 128. 128-ஐ 148-ஆல் வகுத்தால் 0.86. இடது காலில் 96, 104. 104-ஐ 148-ஆல் வகுத்தால் 0.70. இரண்டு காலுக்கும் தனித்தனி எண். சராசரி போடக் கூடாது.

1.0 முதல் 1.4 வரை சாதாரணம். 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. நடந்தால் வலி இருக்கிறதென்றால் நடக்கவைத்து மறுபடி அளப்போம். 0.9-ம் அதற்குக் கீழும் தமனி அடைப்பு. 0.4-க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது.

1.4-க்கு மேல் வந்தால்?

சுகர் உள்ளவர்கள் விஷயத்தில் எனக்கு மிக அதிகமாகச் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். "1.5 இருக்கு சிஸ்டர், ஒண்ணுக்கு மேல, ரொம்ப நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். நல்லதில்லை. நாள்பட்ட சுகரிலும் சிறுநீரகக் கோளாறிலும் தமனியின் சுவருக்குள் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கும். இரும்புக் குழாயை மிதித்தால் நிற்குமா? பட்டையில் 230, 240 என்று ஏற்றியும் ஒலி நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த எண் ரத்த ஓட்டத்தின் அளவே இல்லை, குழாய்ச் சுவரின் கடினத்தின் அளவு. உள்ளே அடைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

இதைவிட வம்பு, பாதி கெட்டியான குழாய். உண்மையில் 0.7 வர வேண்டியவருக்கு 1.05 வந்து நார்மல் என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே சுகர் நாள்பட்டவருக்கு, ஏ.பி.ஐ. நார்மல், ஆனால் நாடி மங்கல் அல்லது ஒலி மொத்தை என்றால், எண்ணை விட்டுவிட்டுக் காதை நம்ப வேண்டும் என்பது என் கட்சி. 2000-இல் வெளியான சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வில் சுகர் உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்குக் கால் தமனி நோய் இருப்பதாகக் கண்டார்கள். கணுக்கால் அளவை வைத்து எடுத்த கணக்கு அது. அந்த அளவு எங்கே தவறவிடும் என்று தெரிந்தவர்கள் உண்மை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றே நினைப்பார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் பட்டை கட்டி, விரலின் பிபியை அளக்கிறோம். விரலின் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. அதைக் கை அளவால் வகுத்தால் 0.7-க்கு மேல் இருக்க வேண்டும். கணுக்காலில் 230-க்கும் நிற்காத ஒருவருக்குக் கை 150, கட்டைவிரல் 82 என்றால் 0.55 வருகிறது. முன் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவருக்கு நிலைமை இதுதான். எல்லா ஊரிலும் விரல் பட்டை கிடையாது. இல்லையென்றால் டூப்ளெக்ஸ் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

யாருக்கு, எப்போது

காலைத் திறந்து பார்த்து நாடி தொடுவது, சுகர் உள்ள ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறையாவது. ஏ.பி.ஐ. எல்லாருக்கும் வருடாவருடம் தேவையில்லை. வலியே இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டியவர்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வது: 65 வயதைத் தொட்டவர்கள், கண் விழித்திரையோ சிறுநீரகமோ நரம்போ சுகரால் பாதிக்கப்பட்டவர்கள், காலில் ஏற்கெனவே புண்ணோ வேறு பிரச்சினையோ வந்தவர்கள். சுகர் வந்து பத்து வருடம் தாண்டி, இதய நோய் ஆபத்தும் அதிகம் உள்ளவர்களுக்கும் யோசிக்கலாம் என்கிறது. என் பங்குக்கு நான் ஒன்று சேர்ப்பேன்: பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் வயதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சுகர் மாத்திரையும் பிபி மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எத்தனையோ பேருக்குப் பெரிய உதவி. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறது என்பதால் ஆறு மாதம், ஒரு வருடம் டாக்டர் முகத்தையே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காலை யாராவது தொட்டுப் பார்த்தாக வேண்டும். வருடத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து அழைத்துப் போங்கள். கிளினிக்கில் யாரும் காலைக் கேட்காவிட்டால் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, "டாக்டர், கால் நாடியும் பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண் குறைவாக வந்துவிட்டால்

உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். புண் இல்லை, ராத்திரி வலி இல்லை என்றால் பெரும்பாலோருக்கு மருந்தும் நடையும்தான். காலில் அடைத்த தமனி உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு வரும் ஆபத்து கூடுதல். அதனால் கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றை டாக்டர் தொடங்குவார். நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். புகையிலையை அடியோடு விட வேண்டும். நடைப்பயிற்சியை வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பது என்ற முறையில் சொல்லித்தருவார்கள். பாதத்தில் புண் இருந்தால் இந்த நடை இப்போதைக்கு வேண்டாம். ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னால், சிறுநீரக நிலையைக் காட்டும் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

புண் இருக்கிறவர் கதை வேறு. கணுக்கால் பிபி 50-க்குக் கீழே, அல்லது கட்டைவிரல் பிபி 30-க்குக் கீழே என்றால் என்ன மருந்து வைத்துக் கட்டினாலும் புண் ஆறுவது கடினம். ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டும். எண் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நல்ல கவனிப்பு இருந்தும் நாலு முதல் ஆறு வாரத்தில் புண் ஆறவில்லை என்றாலும் ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. விரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா என்று கேளுங்கள். ரத்தம் போகாத காலில் விரலை எடுத்தால் எடுத்த இடமும் ஆறாது.

அளந்து முடிக்கும்வரை வீட்டில் சிலவற்றை நிறுத்தி வையுங்கள். கால் வீக்கத்துக்கோ வெரிகோஸுக்கோ போடும் இறுக்கமான சாக்ஸ், கிரேப் பேன்டேஜ் வேண்டாம். ரத்தம் குறைந்த காலை இறுக்கினால் உள்ளதும் போகும். வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் வேண்டாம். கால் ஆணிக்குக் கடையில் ஒட்டிக்கொள்ளத் தரும் கார்ன் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, அதுவும் வேண்டாம்.

திடீரென்று ஒரு கால் வெளிறி, சில்லிட்டு, தாங்க முடியாத வலியோ மரத்துப்போன உணர்வோ வந்தால் இந்தச் சோதனை எதற்கும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ரத்தநாள அறுவைச் சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைப்பை எடுக்கக் கையில் இருப்பது சில மணி நேரம்தான். விரல் கறுத்து, பாதம் சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் காலை ஓபிக்குக் காத்திருக்கக் கூடாது.